'டவுட்' என்றால் சந்தேகம்தான். ஆனால் எந்தச் சந்தேகம்?

அறையில் வைத்திருந்த பணப்பை காணவில்லை. உடன் தங்கியிருப்பவர்களில் ஒருவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. காவல்துறை அதிகாரி வந்து விசாரிக்கிறார். மொழிபெயர்க்கப் பக்கத்தில் யாரும் இல்லை. தெரிந்த ஆங்கிலத்தில் ஒருவர் பதில் சொல்கிறார்: 'ஐ டவுட் ஹி டுக் மை பர்ஸ்.'

அவர் சொல்ல நினைத்தது, "அவர்தான் என் பணப்பையை எடுத்தார் என்று சந்தேகப்படுகிறேன்." அதிகாரியின் காதில் விழுந்ததோ, "அவர் என் பணப்பையை எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை." குற்றஞ்சாட்ட வந்தவர் நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இது ஓர் உதாரணத்துக்காகச் சொல்லப்பட்ட காட்சிதான். ஆனால், தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசும் எவருக்கும் இந்தத் தடுமாற்றம் வரலாம். காரணம் ஆங்கில அறிவுக் குறைவு மட்டுமன்று. 'சந்தேகம்' என்ற நமது சொல் செய்யும் வேலையும் அதில் இருக்கிறது.

"அவர்தான் எடுத்தார் என்று சந்தேகம்" என்கிறோம். மனம் 'ஆம்' என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது. "அவர் இன்றைக்கு வருவது சந்தேகம்" என்கிறோம். இப்போது மனம் 'இல்லை' என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. சொல் ஒன்றே. 'என்று' வந்தால் ஒரு பொருள், 'வருவது' என்று வந்தால் வேறு பொருள். குழந்தைப் பருவத்திலிருந்து பேசுவதால் இந்த வேறுபாட்டை நாம் கவனிப்பதே இல்லை.

ஆங்கிலம் இந்த இரண்டு வேலைகளையும் இரண்டு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நடந்திருக்காது என்று நினைத்தால் 'டவுட்'. நடந்திருக்கும் என்று நினைத்தால் 'சஸ்பெக்ட்'. பணப்பையைப் பறிகொடுத்தவர் சொல்லியிருக்க வேண்டியது 'ஐ சஸ்பெக்ட் ஹி டுக் மை பர்ஸ்' என்பதே.

குழப்பம் வந்தால் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சொல்லவந்த வாக்கியத்தில் 'ஐ திங்க்' என்று போட்டுப் பார்க்கலாம். பொருள் சரியாக வந்தால் அங்கே 'சஸ்பெக்ட்' பொருந்தும். 'ஐ டோன்ட் திங்க்' என்று போட்டால்தான் பொருள் வருகிறது என்றால் அந்த இடம் 'டவுட்'டுக்கு உரியது.

ஆளைச் சொல்லும்போதும் இந்த வேறுபாடு தொடர்கிறது. 'ஐ டவுட் ஹிம்' என்றால் அவருடைய பேச்சையோ திறமையையோ நம்பவில்லை என்று பொருள். 'ஐ சஸ்பெக்ட் ஹிம்' என்றால் ஏதோ ஒரு தவற்றை அவர் செய்திருப்பார் என்று கருதுவதாகப் பொருள். முதலாவது மனவருத்தத்தோடு முடியும். இரண்டாவது விசாரணை வரை போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலேயர்களும் இப்படிப் பேசியவர்கள்தாம். சில நூற்றாண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் 'ஐ டவுட்' என்பதற்கு 'நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்' என்ற பொருளும் இருந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் அந்த வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே ஒருவர் வானத்தைப் பார்த்து 'ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெய்ன்' என்றால் மழை வராது என்று நினைத்துவிடக் கூடாது. குடையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாய்க்கு வராத 'பி'

'டவுட்' என்ற சொல்லை எழுதும்போது நடுவில் 'பி' என்ற எழுத்து வருகிறது, உச்சரிப்பில் வருவதில்லை. எழுத்துக்கூட்டல் படிக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் 'பி' இல்லை. அதன் மூலம் லத்தீன் மொழியின் 'டுபிடாரே' என்பதை நினைவூட்டுவதற்காகப் பின்னாளில் கற்றவர்கள் எழுத்தைச் சேர்த்தார்கள். எழுத்து ஏட்டில் ஒட்டிக்கொண்டது, நாக்கில் ஏறவில்லை.

அந்த லத்தீன் சொல்லுக்கும் 'இரண்டு' என்ற பொருள்தரும் 'டுவோ'வுக்கும் உறவு உண்டு. இரண்டு வழிகளுக்கு நடுவே நிற்பதுதான் ஐயம். "ரெண்டு மனசா இருக்கு" என்று நம் வீடுகளில் சொல்வதும் இதுவேதான்.

'சஸ்பெக்ட்' என்பதற்குள் இருப்பது பார்வை. கீழிருந்து பார்த்தல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. நேருக்கு நேர் பார்க்காமல் தலையைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொண்டால் சொல்லின் குணம் புரிந்துவிடும்.

'எனக்கு ஒரு டவுட்டு'

தமிழ் இந்த ஆங்கிலச் சொல்லை எப்போதோ சுவீகரித்துக்கொண்டது. "சார், ஒரு டவுட்டு" என்று மாணவர் கை தூக்குகிறார். அவருக்கு ஆசிரியர்மீது நம்பிக்கை இல்லாமல் இல்லை. பாடத்தில் ஓரிடம் புரியவில்லை. சந்தேகம் கேட்டல் என்பது தமிழில் கேள்வி கேட்பதுதான். அந்தப் பொருளை 'டவுட்' மீது ஏற்றி, அதே வாக்கியத்தை ஆங்கிலத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டோம்: 'ஐ ஹேவ் எ டவுட்.'

இந்தியாவில் இது தவறாகப் படுவதில்லை. அங்கு கோடிக்கணக்கானோர் பேசும் ஆங்கிலத்தில் அது இயல்பான வழக்கு. சிக்கல், அந்த வழக்கு தெரியாதவர் எதிரில் இருக்கும்போதுதான்.

கட்டுமானத் தளம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். காலையில் வேலை தொடங்கும் முன்பு எல்லாரையும் கூட்டி, அன்றைய வேலையையும் அதிலுள்ள ஆபத்துகளையும் விளக்கும் 'டூல்பாக்ஸ் மீட்டிங்' நடக்கிறது. தமிழகத்திலிருந்து வந்த ஊழியர், 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் தி ஸ்கேஃபோல்டிங்' என்கிறார். சாரத்தின் எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று கேட்பதே அவர் நோக்கம். மேற்பார்வையாளர் வேறு நாட்டவர். சாரம் உறுதியாக இல்லை என்று ஊழியர் புகார் சொல்வதாக அவர் எடுத்துக்கொள்ளலாம். வேலை நிற்கும், சாரம் மீண்டும் சோதிக்கப்படும். அதனால் தீங்கில்லை.

தீங்கு மறுபக்கத்தில் இருக்கிறது. தமிழ் ஊழியர்களுடன் பழகி, 'டவுட்' என்றால் வெறும் கேள்வி என்று தெரிந்துகொண்ட மேற்பார்வையாளர், ஒருநாள் சாரம் உண்மையிலேயே ஆடுகிறது என்று ஒருவர் அதே சொல்லைச் சொல்லும்போது, "அப்புறம் கேள்" என்று சொல்லிவிடக்கூடும். விளக்கம் வேண்டுமென்றால் 'ஐ ஹேவ் எ க்வெஸ்சன்'. ஆபத்து தெரிந்தால் 'ஐ டோன்ட் திங்க் இட் இஸ் சேஃப்'. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகிக்கொள்வது, இலக்கணத்துக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காகத் தேவைப்படும்.

சிங்கப்பூருக்கென்று ஒரு 'டவுட்' இருக்கிறது. மழை வருமா என்று கேட்டால் இங்கே பலரும் 'ஐ டவுட் ஸோ' என்பார்கள். 'ஐ திங்க் ஸோ', 'ஐ டோன்ட் திங்க் ஸோ' ஆகியவற்றின் அச்சில் வார்த்தது அது. பொது ஆங்கிலத்தில் அதை 'ஐ டவுட் இட்' என்றுதான் சொல்வார்கள். காப்பிக்கடையில் 'ஸோ' போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. வேலை நேர்முகத்தில், அதுவும் வெளிநாட்டு நிறுவனத்தாருடன் பேசும்போது, எதிரில் இருப்பவர் ஒரு கணம் விழிப்பார்.

ஐயத்தைக் காட்ட சிங்கிலீஷுக்குச் சொல்லே தேவையில்லை, ஓரசை போதும். 'கேன்' என்றால் முடியும். 'கேன் மெ?' என்றால், "இதெல்லாம் நடக்கிற காரியமா?" கான்டனீஸிலிருந்து வந்த 'மெ', வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு அதன் நம்பகத்தையே அசைத்துவிடுகிறது.

தமிழருக்கு இது புதிதன்று. 'வருவான்' என்பதை 'வருவானோ' என்று மாற்ற நமக்கு ஓர் 'ஓ' போதும். பழந்தமிழில் 'கொல்' என்ற இடைச்சொல் இந்த வேலையைப் பார்த்தது. அது ஐயப்பொருளில் வரும் என்று தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தொலைவில் தெரியும் உருவம் ஆணா பெண்ணா என்று ஐயம் வந்தால் பன்மையில் சொல்ல வேண்டும் என்ற விதியும் சொல்லதிகாரத்தில் உண்டு. யாரோ குடையை மறந்து வைத்துவிட்டுப் போனால், ஆணா பெண்ணா என்று தெரியாமல் ஆங்கிலத்தில் 'தே' என்கிறார்களே, அதற்கும் இந்த விதிக்கும் அதிக தூரமில்லை.

'ஆம்' என்ற ஓரசை உதவி

பக்கத்து புளோக்கில் புதிதாக வந்தவரைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. "அவர் பெரிய அதிகாரியாம்." கடைசியில் வரும் 'ஆம்' இரண்டு செய்திகளைத் தருகிறது. இது நான் நேரில் அறிந்ததன்று, யாரோ சொன்னது. அதோடு, குரலைக் கொஞ்சம் இழுத்தால் நான் இதை நம்பவில்லை என்பதும் வந்துவிடும்.

இதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு படையே வேண்டும். கேள்விப்பட்டதை அப்படியே சொன்னால் 'அப்பரெண்ட்லி'. செய்தியில் வந்திருக்கிறது என்றால் 'ரிப்போர்டட்லி'. சொல்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை என்றால் 'சப்போஸ்ட்லி'. குற்றச்சாட்டு எழுந்திருக்கிறது, நிரூபிக்கப்படவில்லை என்றால் 'அலெஜ்ட்லி'. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் மரியாதை போகும், சில நேரம் வழக்கும் வரும்.

இவற்றோடு சேர்த்து எச்சரிக்க வேண்டிய சொல் 'ஸோ-கால்ட்'. 'எனப்படும்' என்ற தமிழ்ச் சொல்லுக்கு இதுதான் ஆங்கிலம் என்று நினைத்து மாணவர்கள் கட்டுரையில் எழுதிவிடுவதுண்டு. 'எனப்படும்' யாரையும் குத்தாது. 'ஸோ-கால்ட்' பெரும்பாலும் குத்தும். 'மை ஸோ-கால்ட் டீச்சர்' என்று எழுதினால், ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு திரிபவர் என்று பொருள்படும். எழுதிய பிள்ளைக்கு ஏன் திட்டு விழுந்தது என்றே புரியாது.

நாளிதழ்கள் 'அலெஜ்ட்லி'யை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர்மீது குற்றஞ்சாட்டப்படுவதும் குற்றம் நிரூபிக்கப்படுவதும் வேறு வேறு. குற்றவியல் வழக்குகளில் அரசுத் தரப்பு தன் வழக்கை 'பியாண்ட் ரீசனபிள் டவுட்' என்ற அளவுக்கு, அதாவது நியாயமான சந்தேகத்திற்கு அப்பாற்பட்டு, நிரூபிக்க வேண்டும். இங்கே 'ரீசனபிள்' என்ற சொல்தான் முக்கியம். எந்தச் சந்தேகமும் இருக்கக் கூடாது என்று சட்டம் கேட்கவில்லை. காரணம் காட்டக்கூடிய சந்தேகம் மிஞ்சக் கூடாது என்கிறது. மிஞ்சினால் அதன் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் போகும். 'பெனிஃபிட் ஆஃப் தி டவுட்' என்ற தொடரின் பொருள் இது. அன்றாடப் பேச்சிலும் அது புழங்குகிறது. நண்பர் தாமதமாக வந்து ரயில் கோளாறு என்கிறார். உண்மையா என்று தெரியவில்லை. நம்பிவிடுகிறோம். அவருக்கு அந்தப் 'பெனிஃபிட்'டைக் கொடுத்துவிட்டோம்.

பெருவிரைவு ரயிலில் பயணம் செய்பவர்களின் காதில் அடிக்கடி விழும் இன்னொரு சொல் 'சஸ்பிஷஸ்'. சந்தேகத்துக்கிடமான ஆளையோ பொருளையோ கண்டால் தெரிவிக்கச் சொல்லும் அறிவிப்பில் அது வருகிறது. இந்தச் சொல்லுக்கு இரண்டு முகங்கள். சந்தேகப்படுபவரும் 'சஸ்பிஷஸ்', சந்தேகத்துக்கு உள்ளானவரும் 'சஸ்பிஷஸ்'. 'ஹி இஸ் சஸ்பிஷஸ்' என்பதை மட்டும் கேட்டால் அவர் யாரைச் சந்தேகிக்கிறார் என்று கேட்பதா, அவரைப் பிடித்து வைப்பதா என்று தெரியாது. 'ஆஃப்' சேர்த்தால் அவர் சந்தேகிப்பவர், 'லுக்ஸ்' சேர்த்தால் அவர்மீது சந்தேகம். 'டவுட்ஃபுல்', 'டூபியஸ்' இரண்டுக்கும் இதே இரட்டை வாழ்க்கை. 'சந்தேகப்படுபவர்', 'சந்தேகத்துக்குரியவர்' என்று தமிழ் இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது.

மருத்துவமனையில் இந்தச் சொற்களின் அளவை மாறிவிடும். 'சஸ்பெக்டட் டெங்கி' என்று தாளில் எழுதியிருந்தால் டெங்கி உறுதியாகிவிட்டது என்று வீட்டார் கலங்க வேண்டியதில்லை; அறிகுறிகள் அப்படி இருக்கின்றன, சோதனை முடிவு இன்னும் வரவில்லை. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் பரவியபோது உலகச் சுகாதார நிறுவனம் நோயாளிகளை 'சஸ்பெக்ட்', 'ப்ராபபிள்' என்று இரண்டு வகையாகப் பிரித்தது. இரண்டுமே தமிழில் 'இருக்கலாம்' என்றே வந்து நின்றுவிடும். ஆனால் 'ப்ராபபிள்' என்பது கூடுதல் சான்றோடு வருவது. சிங்கப்பூரில் பதிவானதாகச் சொல்லப்படும் 238 சார்ஸ் சம்பவங்களும் அந்த 'ப்ராபபிள்' வகையைச் சேர்ந்தவை. அவர்களில் 33 பேர் உயிரிழந்தனர். 'பாசிபிள்' என்றால் நடக்கக்கூடும். 'லைக்லி', 'ப்ராபபிள்' என்றால் நடக்காமல் இருப்பதைவிட நடப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கைப்பேசியில் வந்த 'லைக்லி'

அந்த 'லைக்லி' இப்போது எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. 2023 ஜனவரி 31 முதல், பெயரைப் பதிவு செய்யாத நிறுவனங்கள் தங்கள் பெயரில் அனுப்பும் குறுஞ்செய்திகள் 'லைக்லி-ஸ்கேம்' என்ற தலைப்பின்கீழ் வந்து விழுகின்றன. சிலர் அதைப் பார்த்து, "மோசடியாக இருக்கலாம் என்றுதானே போட்டிருக்கிறது" என்று திறந்து படிக்கிறார்கள். 'இருக்கலாம்' என்ற தமிழ் 'லைக்லி'யின் எடையைக் குறைத்துவிடுகிறது. 'பெரும்பாலும் மோசடிதான்' என்றால் எடை சரியாக இருக்கும்.

அதேவேளையில் அந்தத் தலைப்பு எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். செய்தியின் உள்ளடக்கத்தைப் படித்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. அனுப்பியவரின் பெயர் பதிவேட்டில் இல்லை என்பதே அடிப்படை. அதனால்தான் 'ஸ்கேம்' என்று முடிவாகச் சொல்லாமல் 'லைக்லி' சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த எச்சரிக்கை இல்லாமல் வரும் எல்லாமே நம்பத்தக்கவை என்றும் ஆகாது. வாட்ஸ்அப், டெலிகிராம் வழி வருபவற்றுக்கு இந்தத் தலைப்பே கிடையாது.

2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மோசடிகளால் பறிபோன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி என்று காவல்துறை தெரிவித்தது. ஏமாந்தவர்கள் எல்லாரும் சந்தேகமே படாதவர்கள் என்று நினைப்பது சரியாகாது. எங்கேயோ இடிக்கிறது என்று தோன்றும். ஆனால் தொலைபேசியின் மறுமுனையில் அதிகாரிபோல் பேசுபவரிடம் அதை எப்படிச் சொல்வது? 'ஐ டோன்ட் பிலீவ் யூ' என்றால் "நீ பொய்யன்" என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல் ஆகிவிடுமே என்ற தயக்கம், ஆங்கிலத்தில் பேசும்போது மூத்தோர் பலருக்கு வரும். மோசடிக்காரர்கள் அந்த மரியாதையைத்தான் முதலீடாக்குகிறார்கள்.

மரியாதை குறையாமல் நம்பிக்கையின்மையைச் சொல்ல ஆங்கிலத்தில் வழிகள் உண்டு. 'ஐ ஆம் நாட் ஷுவர் அபௌட் திஸ்' என்றால் எனக்கு இது உறுதியாகத் தெரியவில்லை. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கான்ட் டூ தட்' என்றால் அதைச் செய்ய இயலாது. அங்கே பயம் எதுவும் இல்லை, 'அஃப்ரெய்ட்' வெறும் பணிவு. எல்லாவற்றையும்விடப் பயன்படுவது 'ஐ வில் செக் அண்ட் கால் பேக்' என்ற சிறிய வாக்கியம். யாரையும் பொய்யர் என்று சொல்லாமலேயே அழைப்பைத் துண்டித்துவிடலாம். உண்மையான அதிகாரி அதற்குக் கோபப்பட மாட்டார். அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்லவோ வங்கிக் கணக்கின் நுழைவு விவரங்களைக் கேட்கவோ மாட்டார்கள் என்று அரசாங்கமே பலமுறை அறிவித்திருக்கிறது.

எதையும் நம்பாமல் இருந்துவிட்டால் தொல்லையில்லை என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கும் ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறது, 'சினிக்கல்'. நாயைப் போன்ற என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எவர் எதைச் செய்தாலும் அதில் சுயநலம் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டியவர் அவர். 'ஸ்கெப்டிக்கல்' என்பவர் வேறு. அந்தச் சொல்லின் கிரேக்க மூலத்துக்குக் கூர்ந்து பார்த்தல், ஆராய்தல் என்று பொருள். சான்றைக் காட்டினால் நம்புவார். 'டிஸ்ட்ரஸ்ட்', 'மிஸ்ட்ரஸ்ட்' இரண்டையும் பலர் ஒன்றாகவே எழுதுகிறார்கள், அகராதிகளும் பெரிதாகத் தடுப்பதில்லை. நுட்பம் பார்ப்பவர்கள், பட்டு அறிந்து வந்த அவநம்பிக்கையை முதலாவதாலும், காரணம் சொல்லத் தெரியாத ஒரு நெருடலை இரண்டாவதாலும் குறிப்பார்கள்.

திருக்குறளின் 51ஆம் அதிகாரமான தெரிந்துதெளிதல் இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே குறளில் பிடித்திருக்கிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு அவரிடம் ஐயம் கொள்வதும் நீங்காத துன்பத்தைத் தரும் என்கிறார் வள்ளுவர். முதல் பாதி 'லைக்லி-ஸ்கேம்' செய்தியைத் திறப்பவருக்கு. இரண்டாம் பாதி, வங்கியிலிருந்து உண்மையாகவே அழைத்தவரிடமும் கத்திவிட்டு வைப்பவருக்கு.

ஆராய்வதற்கு இங்கே ஓர் எண்ணும் இருக்கிறது. வந்த அழைப்போ செய்தியோ மோசடியா என்று உறுதியாகத் தெரியாதவர்கள் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அங்கே பேசும்போது 'ஐ டவுட் இட் இஸ் எ ஸ்கேம்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. 'ஐ சஸ்பெக்ட் இட் இஸ் எ ஸ்கேம்.'